கல் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள்

நடுகல் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர் முதலில் வெயிலைக் கணக்கிட வேண்டும். கிழக்கு பார்த்து நிற்கிற கல்லில் காலை ஏழு மணி வெயில் நேர்முகமாக அடிக்கும்; தேய்ந்த எழுத்து ஒன்றுகூடக் கண்ணில் படாது. பதினோரு மணிவாக்கில் அதே வெயில் மேலிருந்து கல்லை உரசிக்கொண்டு இறங்கும். அப்போது ஒவ்வொரு கீறலிலும் நிழல் தங்கி, எழுத்து எழுந்து வரும். உச்சி சாய்ந்தால் கல்லின் முகம் நிழலுக்குள் போய்விடும். படுக்கைப் பாறையில் வெட்டிய எழுத்துக்குக் கணக்கு வேறு: அதற்குக் காலை, மாலைச் சாய்வெயில்தான் வேண்டும். வடக்கு பார்த்த கல்லுக்கு மார்கழி, தை மாதங்களில் வெயிலே எட்டாது. வீட்டிலிருந்து ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துப் போய் வெளிச்சத்தைத் திருப்பிவிட வேண்டும்.

ஓசூரை ஒட்டிய ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். தொன்மைப் பாதுகாப்பு மன்றமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் ஒரு நாள், மன்றத்துப் பிள்ளைகளோடு கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பழைய இடங்களுக்குப் போவது எங்கள் வழக்கம். அந்த மாதங்களில் மழை இல்லை. புதர் காய்ந்திருப்பதால் பாம்பு இருந்தாலும் தெரியும். பொதுத்தேர்வு நெருக்கமும் முழுதாக வந்திருக்காது. காலையில் கற்திட்டை இருக்கிற மலை, வெயில் ஏறியதும் நடுகல், சாப்பாட்டுக்குப் பிறகு அருங்காட்சியகம், கடைசியில் மயிலாடும்பாறை. இந்த வரிசையை வகுத்துக் கொடுத்தது வெயில்தான். பாடத்திட்டத்தின் வரிசைப்படி போனால் நாள் வீணாகும்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது 1970களில். அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் அடுத்த சில ஆண்டுகளில் வந்தன. அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்கிற சிறு பட்டறைகள் தெருத்தெருவாக முளைத்தன. கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகளும் பாலிஷ் பட்டறைகளும் உண்டு; இங்கே வெட்டுகிற பாரடைசோ கல் கடல் தாண்டிப் போகிறது. என் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, கன்னடம் பேசுகிற பிள்ளை, ஒடிசாவிலிருந்து வந்து தமிழ்வழியில் சேர்ந்த பிள்ளை எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அப்பா லேத்தில் நிற்பார், அல்லது கல் அறுப்பார். அம்மா கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போவார். ஊர்ப்புறத்திலிருந்து வருகிற பிள்ளைகள் வீட்டில் இரண்டு மாடு நிற்கும்.

ஒன்பதாம் வகுப்பில் கிரேக்கமும் ரோமும் வருகின்றன. பார்த்தினான் கோயிலின் தூண்களைப் பிள்ளைகள் அழகாக வரைந்துவிடுவார்கள். கி.மு. 447-இல் தொடங்கிய கட்டடம் என்று எழுதவும் தெரியும். ஏதென்ஸ் நகரத்துப் பள்ளிப் பிள்ளை அந்தக் குன்றின் மேல் ஏறி நின்று அதே பாடத்தைக் கேட்க முடியும். எங்கள் பிள்ளைகள் பள்ளியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் நிற்கிற பெருங்கற்காலத்துக் கற்திட்டைகளைப் பார்க்காமலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிறார்கள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. பயணம் தொடங்கியதற்கு வேறு காரணம் கிடையாது.

கற்திட்டைகள் இருக்கிற மல்லசந்திரத்து மலையில் ஏறும்போது வெயில் இன்னும் இளசாக இருக்கும். மேலே பரந்த பாறை. அதன்மேல் எங்கு பார்த்தாலும் கற்பலகைகளால் ஆன சிறிய அறைகள். நான்கு பக்கமும் நிறுத்திய பலகைகள், மேலே மூடிய ஒரு பெரும்பலகை, ஒரு பக்கத்துப் பலகையில் வட்டமாக ஓர் ஓட்டை. சுற்றிலும் தலைப்பக்கம் வளைவாகச் செதுக்கிய பலகைகளை வட்டமாக நட்டிருக்கிறார்கள். சிலவற்றின் உட்புறத்தில் வெள்ளை நிறத்தில் தீட்டிய உருவங்களும் உண்டு. இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவுச்சின்னங்கள் இவை. ஊரார் இவற்றைப் பாண்டவர் வீடு என்பார்கள். பாண்டவர்கள் வனவாசத்தில் இங்கே தங்கினார்கள் என்ற கதை எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் இதே மாதிரிக் கற்களைச் சுற்றி வழங்குகிறது.

இந்தக் கதையைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரித்தால் நான் கிரேக்கத்துக்குப் போய்விடுவேன். டைரின்ஸ், மைசினி கோட்டைகளின் மதில்களில் இருக்கிற பாறைகளைப் பார்த்துப் பிற்காலத்துக் கிரேக்கர்கள் இது மனிதர் வேலையாக இருக்க முடியாது, ஒற்றைக் கண் ராட்சதர்களான சைக்ளோப்கள் கட்டியது என்றார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றி எழுதிய பாசேனியஸ் அதைப் பதிவு செய்திருக்கிறார். மைசினியில் ஆட்ரியஸ் கருவூலம் என்று அழைக்கப்படும் கல்லறை வாசலின் மேல் கிடக்கிற உத்தரக்கல் சுமார் 120 டன். கட்டியவர்களின் பெயர் மறந்துபோன ஊரில் எல்லாம் ஜனங்கள் பீமனையோ ராட்சதனையோ கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பெரிய கல்லை யார் தூக்கினார், எப்படித் தூக்கினார் என்ற கேள்விக்கு அவர்களுக்குக் கிடைத்த பதில் அது. கேள்வி சரியான கேள்வி. பிள்ளைகளை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கச் சொல்கிறேன்.

ஆகவே எங்கள் பயணத்தில் கற்திட்டைக்கு முன்னால் விரிவுரை கிடையாது. டேப்பை எடுத்து அளக்க வேண்டும். கல்லின் மேல் ஏறக்கூடாது, சாயக்கூடாது, எழுதக்கூடாது. அளவுநாடாவின் உலோக முனை கல்லைக் கீறாமல் ஒருவர் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். மூடுகல் இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால் சரியாக ஒரு கன மீட்டர் வருகிறது. கிரானைட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.7 டன். இந்த எடையைச் சொன்னவுடன் பிள்ளைகளின் முகம் மாறிவிடும். ஏனென்றால் அவர்களில் பலருக்கு இரண்டே முக்கால் டன் என்றால் என்ன என்று தெரியும். அது கிரேனில் தொங்குவதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு முறை, பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிற ஒரு மாணவியின் அப்பா துணைக்கு வந்திருந்தார். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக பஸ் ஏறியவர். அதற்கு முன் பல வருடம் குவாரியில் இருந்தவர். பிள்ளைகள் அளந்துகொண்டிருக்கும்போது அவர் ஒரு பலகையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார்.

"டீச்சர், இது ஆப்பு வெச்சு உடைச்ச கல் இல்லீங்க" என்றார். "ஆப்பு வெச்சிருந்தா ஓரத்துல வரிசையா குழி இருக்கும். இதுல இல்ல. பாறைய ஏடு ஏடா உரிச்சு எடுத்திருக்காங்க."

"எப்படிங்க உரிக்கிறது?"

"நெருப்புதான். பாறை மேல வெறக அடுக்கி எரிய விட்டா மேலேடு மட்டும் உப்பி வுட்டுரும். தண்ணிய ஊத்துனா சத்தம் கேக்கும். எங்க தாத்தா காலத்துல அப்படித்தான் உரிச்சாங்க. இப்பதான் வயர் சா எல்லாம்."

தொல்லியல் படித்தவர்கள் சொல்கிற விளக்கமும் இதுவே. கிரானைட்டும் நைசும் வெப்பத்தில் விரிந்து, தட்டையான ஏடுகளாகப் பிரியும். அந்த இயல்பைப் பயன்படுத்தித்தான் பெருங்கற்கால மக்கள் பலகைகளை எடுத்தார்கள். நான் அதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அவர் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்தார். பிள்ளைகள் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் அவர்களைப் பக்கத்துப் பாறைக்கு அழைத்துப் போய், பிற்காலத்தில் யாரோ கல் உடைக்க முயன்ற இடத்தில் வரிசையாக இருந்த ஆப்புக் குழிகளைக் காட்டினார். குழி இருந்தால் பிந்தியது, இல்லாவிட்டால் முந்தியதாக இருக்கலாம்: இதை ஒரு கள ஆய்வாளர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். எங்கள் பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள்.

பக்கவாட்டுப் பலகைகளின் ஒழுங்கைக் கண்டுபிடித்ததும் ஒரு பையன்தான். ஒவ்வொரு பலகையும் அடுத்த பலகையின் முனையைத் தாண்டிச் சற்று நீண்டு நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். மேலே இருக்கிற பாரமும் வெளிப்பக்கத்து மண்ணும் அழுத்த அழுத்த, ஒன்றை ஒன்று உள்ளே சாயவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சிமெண்ட் இல்லை, ஆணி இல்லை. ஃபிட்டிங் வேலை பழகுகிற அண்ணனோடு பட்டறையில் மாலை நேரம் கழிக்கிற பையன் அவன். "லாக் ஆயிருக்கு டீச்சர்" என்றான். அந்த ஒரு சொல்லுக்குமேல் நான் விளக்கவில்லை.

வருத்தமான விஷயமும் அங்கேயே இருக்கிறது. பல திட்டைகள் உடைந்து கிடக்கின்றன. உள்ளே புதையல் இருக்கும் என்று தோண்டியவர்கள் உண்டு. பலகையைப் பெயர்த்து வீட்டு வாசலுக்கும் சாக்கடை மூடுவதற்கும் கொண்டுபோனவர்கள் உண்டு. கல் குவாரிகள் நெருங்கி வந்த மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நின்றவை சில நாளில் ஜல்லியாகிவிடும். இந்த மாவட்டத்தில் பலருடைய சோறு கல்லிலிருந்து வருகிறது. குவாரியே வேண்டாம் என்று நான் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன், அவர்களில் பலருடைய வீட்டு வருமானம் அதில்தான் வருகிறது. ஆனால் எந்தப் பாறையைத் தொடக்கூடாது என்று அடையாளம் காணத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு குவாரியிலும் இருக்க வேண்டும். அது என் வகுப்பில் படித்த பிள்ளையாக இருக்கட்டும் என்பதே என் ஆசை.

நடுகல்லுக்குப் போகும்போது ஊர்ப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்தப் பகுதியில் பல நடுகற்கள் வேடியப்பன் சாமியாக வழிபடப்படுகின்றன. எண்ணெய் பூசி, மஞ்சள் தடவி, சில இடங்களில் சுண்ணாம்பும் அடித்திருப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரி கற்பூரம் காட்டி முடித்த பிறகுதான் நாங்கள் நோட்டுப்புத்தகத்தைத் திறப்போம். வரலாறு தெரிந்தவர்கள் என்ற தோரணையில் போய், சாமியை வெறும் கல் என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆயிரத்து நானூறு ஆண்டு அந்தக் கல் நின்றதற்குக் காரணம் அந்த எண்ணெயும் மஞ்சளும்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதியில் ஆறு, ஏழாம் நூற்றாண்டு நடுகற்கள் ஏராளம். சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டுகள் பொறித்தவை அவற்றில் உண்டு. எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து. இரா. நாகசாமி பதிப்பித்த செங்கம் நடுகற்கள் 1972-இல் வெளிவந்தபோதுதான் இந்தக் கற்களின் செல்வம் வெளியே தெரிந்தது. ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு, மாட்டை மீட்டு மாண்டவனின் கல் இவற்றில் மிகுதி. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் மாட்டை மீட்டான், மாண்டான்: இவ்வளவுதான் வாசகம். வீரன் வில்லும் குறுவாளும் ஏந்தி ஒரு பக்கமாகத் திரும்பி நிற்பான். காலடியில் சில கற்களில் கெண்டியும் சிமிழும் இருக்கும்.

வட்டெழுத்தை ஒரு நாளில் கற்பிக்க முடியாது, கற்பிக்கவும் முயல்வதில்லை. தொல்லியல் பயிற்சி முகாம் ஒன்றில் நான் கற்றுக்கொண்ட மைப்படி எடுக்கும் முறையைப் பள்ளி மைதானத்தில், ஸ்தபதி ஒருவர் எழுத்து வெட்டிக் கொடுத்த சாதாரணக் கல்லில் முந்தைய வாரமே செய்து காட்டிவிடுவேன். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் குழிக்குள் இறக்க வேண்டும். பாதி ஈரம் காய்ந்ததும், விளக்குக்கரியும் பசையும் கலந்த மையைத் துணிப்பொதியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். கை அவசரப்பட்டால் மை குழிக்குள் இறங்கி எழுத்து அழிந்துவிடும். நிதானமாக ஒற்றினால் கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக நிற்கும். உலர்ந்த பின் உரித்து, பின்பக்கம் ஊரும் தேதியும் எழுத வேண்டும். உண்மையான நடுகல்லில் பிள்ளைகள் இதைச் செய்யக்கூடாது. அங்கே கண்ணும் கண்ணாடியும் மட்டும். ஆனால் ஒருமுறை கையில் மை பட்டவர்கள், கல்லில் எழுத்து எங்கே ஆழம், எங்கே மேலோட்டம் என்று பார்க்கக் கற்றுவிடுகிறார்கள்.

தொல்காப்பியம் நடுகல் நாட்டுவதை ஆறு நிலையாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. முதல் நிலை, கல்லைத் தேர்ந்தெடுக்கப் போய்ப் பார்ப்பது. தமிழ் ஆசிரியை வகுப்பில் இதை மனப்பாடம் செய்ய வைத்திருப்பார். கல்லின் முன்னால் நின்று அதைத் திரும்பக் கேட்டால், குவாரி வீட்டுப் பிள்ளைகள் முதல் நிலையிலேயே நின்றுவிடுகிறார்கள். ஓட்டம் சரியில்லாத கல்லை எடுத்தால் பாதியில் விரியும், உள்ளே முடிச்சு இருந்தால் உளி வழுக்கும் என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளோ சிற்பத்தின் ஓரத்தில் இருக்கிற மாட்டின் கொம்பையும் திமிலையும் பார்த்து இனம் சொல்லப் போட்டி போடுகிறார்கள். அது சரியா, தவறா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவ்வளவு நேரம் ஒரு கல்லை உற்றுப் பார்க்கிறார்கள், அது போதும்.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் 1993-இல் தொடங்கப்பட்டது. சாப்பாட்டுக்குப் பிந்தைய அரைத் தூக்கத்துக்கு அது நல்ல நிழல். வரிசையாக நடுகற்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். காலையில் ஒன்றை நின்று பார்த்த கண்ணுக்கு அப்போது வேறுபாடுகள் தெரியும். அதைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு பர்கூர் வட்டத்துக்குப் புறப்படுவோம்.

தொகரப்பள்ளியை அடுத்த மயிலாடும்பாறையில் பார்க்க ஒன்றும் இல்லை என்று பிள்ளைகள் முதலில் சொல்வார்கள். உண்மைதான்: அகழாய்வுக் குழிகளை மூடிவிட்டார்கள். கண்ணுக்கு மலையும் மண்ணும் மட்டும். இங்கேதான் ஆசிரியரின் வேலை கடினம். பேராசிரியர் கா. ராஜன் 2003-இல் இங்கே ஆய்வு செய்தார். 2021-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. மண்ணடுக்கில் இரும்போடு கிடைத்த கரித்துண்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 1615, கி.மு. 2172 என்று இரண்டு காலக்கணிப்புகள் வந்தன. 2022 மே 9-ஆம் தேதி முதலமைச்சர் இதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை, சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு இன்னும் பின்னே, கி.மு. 3345 வரை போகிறது.

அந்த வெறும் மண்ணில் நின்று நான் ஆண்டுகளைச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. கரியில் இருக்கிற கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு ஆகும், மிச்சம் எவ்வளவு என்று எண்ணித்தான் வயதைச் சொல்கிறார்கள் என்பதை விளக்கிவிட்டு, சந்தேகத்தையும் கற்றுக்கொடுக்கிறேன். ஆண்டு கரிக்கு உரியது, இரும்புக்கு அல்ல. அந்தக் கரியும் இரும்பும் ஒரே காலத்தில் அந்த மண்ணில் விழுந்தவையா? எலி வளை தோண்டியோ வேர் இறங்கியோ அடுக்கு கலைந்திருக்குமா? எரித்த மரம் ஏற்கனவே இருநூறு வருடம் வளர்ந்த மரமாக இருந்தால்? அறிஞர்களும் இவற்றைத்தான் கேட்கிறார்கள். மேலும் மேலும் மாதிரிகளை எடுத்துத்தான் பதில் சொல்ல முடியும். நம் மாவட்டத்துப் பெருமை என்பதால் கேள்வியை விழுங்கிவிடு என்று ஒரு பிள்ளையிடமும் நான் சொன்னதில்லை. 2024-இல் ஊத்தங்கரை வட்டத்துச் சென்னானூரில் தோண்டினார்கள். அங்கே பளபளப்பாக்கிய கற்கோடரி கிடைத்தது. தோண்டத் தோண்டக் கணக்கு மாறும்.

இரும்பு என்றால் பட்டறைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும், கரி உலையில் அது எப்படி வரும் என்று ஒரு பதினோராம் வகுப்பு மாணவன் கேட்டான். வராது. பழைய உலையில் இரும்பு திரவமாக உருகவில்லை. சுமார் 1,100, 1,200 டிகிரியில் கசடு உருகி வடிந்துவிடும். இரும்பு பஞ்சுபோல் ஒரு கட்டியாகத் தங்கும். அதைச் சூட்டோடு எடுத்துச் சம்மட்டியால் அடித்து அடித்து மிச்சக் கசடை வெளியேற்ற வேண்டும். அந்த வெப்பத்தைத் தொடர்ந்து நிறுத்தி வைப்பது துருத்தி போடுகிறவரின் கை. அவன் கேட்டது தொல்லியல் பாடத்தின் மையமான கேள்வி. எந்த வினாத்தாளிலும் அது வந்ததில்லை.

அந்தக் குவாரிக்காரர் வந்துபோன பிறகு, பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: கல் வேலை, இரும்பு வேலை, மாடு, உழவு தெரிந்த பெற்றோர் விரும்பினால் உடன் வரலாம், பஸ்ஸில் இடம் உண்டு. பெரும்பாலும் கையெழுத்து மட்டும் போட்டுத் திரும்பி வரும் படிவம் அது. இந்த முறை ஒரு தாய், சிப்காட்டில் அசெம்பிளி லைனில் நிற்பவர், அடியில் எழுதியிருந்தார். அவர் பிறந்த வீடு கொல்லுப்பட்டறை. சின்ன வயதில் அப்பாவுக்குத் துருத்தி போட்டிருக்கிறாராம். எத்தனை வேகத்தில் போட்டால் கரி என்ன நிறத்துக்கு வரும் என்று சொல்லிக் காட்டுவாராம். சனிக்கிழமை அவருக்கு ஷிஃப்ட், ஞாயிறு என்றால் வரமுடியும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். பஸ்காரரைக் கூப்பிட்டு நாளை மாற்றிவிட்டேன். தலைமை ஆசிரியரிடம் புதிய தேதிக்குக் கையெழுத்து வாங்க வேண்டும்.